கண்ணாடி மாளிகையின் பின்பக்கம்

பூங்கா அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது, ஸ்டுடியோக்காரர் ஒரு கைக்குழந்தையைப் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காரவைக்கப் போராடிக்கொண்டிருந்தார். குழந்தை வாயை மூடினால் கண்ணையும் மூடியது. கண்ணைத் திறந்தால் வாயையும் திறந்தது. முன்மேசையில் இருந்த அவர் மனைவி போனை எடுத்துக் கேட்டுவிட்டு, அதைக் கையால் பொத்திக்கொண்டு, "உங்களுக்குத்தாங்க. பூங்காவிலேர்ந்து" என்றாள்.

குழந்தையை அதன் அம்மா மடியில் விட்டுவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கையில் ஈரம் எதுவும் இல்லை. நல்ல சேதியை அழுக்குக் கையோடு வாங்கக் கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

அந்தச் சேதிக்காக அவர் சில வாரங்களாகவே காத்திருந்தார். நகரத்தின் நடுவில் இருந்த அந்தப் பெரிய பூங்காவில் ஓர் ஏரி உண்டு. ஏரிக்கு மேலே கல்பாலம், கரையில் பாண்டு வாசிக்கிற எண்கோண மேடை, தள்ளி ஒரு மணிக்கூண்டு. ஆனால் ஊருக்கே அடையாளம் என்றால் அது கண்ணாடி மாளிகைதான். இரும்பு வளைவுகளில் கண்ணாடிகளைப் பொருத்திக் கட்டிய பெரிய கூண்டு, உள்ளே வெயில் தேசத்துச் செடிகள். காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் பிஸ்கட் டப்பா மூடியிலும் அதைப் பார்க்காதவர் இந்த நகரத்தில் யாரும் இல்லை. பூங்கா வாசலில் புதிதாக ஒரு வரவேற்புக் கூடம் கட்டியிருந்தார்கள். அதன் சுவரை முழுக்க அடைக்கிற மாதிரி கண்ணாடி மாளிகையின் ஒரே ஒரு படம் வேண்டும் என்று அறிவித்து, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஸ்டுடியோக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். யார் வேண்டுமானாலும் அனுப்பட்டும். அந்த மாளிகையை விடியலில், பனியில், நிலா இருக்கும்போது, ஏரியில் அதன் நிழல் துளியும் கலையாத நேரத்தில் எல்லாம் எடுத்து வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

"சார், உங்ககிட்ட பெரிய அளவுல அடிக்கிற பிரிண்டர் இருக்குல்ல?" என்று கேட்டார் போனில் பேசிய பூங்காக் கண்காணிப்பாளர். கறாரான, ஆனால் இனிமையான குரல் உள்ள அம்மா.

"இருக்கு மேடம். என் படத்தோட ஃபைல் எங்கிட்டயே இருக்கு. நீங்க அளவு மட்டும் சொன்னா போதும்."

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"இல்லைங்க சார். உங்க படமும் ரொம்ப அழகா இருந்தது. ஆனா தேர்வானது ஒரு பல் டாக்டர் அனுப்பினது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். உங்க பக்கத்துத் தெருவுலதான் கிளினிக் வச்சிருக்கார்."

தெரியும். அந்தப் பல் டாக்டர் இவருடைய சகலை.

அச்சடித்துத் தர முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பொறாமையில் சொன்னதாகப் போய்விடும். "பேஷா பண்ணிடலாம் மேடம்" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது குழந்தை வாயை மூடிக் கண்ணைத் திறந்து, நீதிபதி மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. குழந்தையின் அம்மாதான், "சார், இப்ப எடுங்க சார்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

சகலை என்பது ஒரு விசித்திரமான உறவு. ரத்தமும் இல்லை, நாமாகத் தேடிக்கொண்ட நட்பும் இல்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக இரண்டு ஆண்களைக் காலம் முழுக்க ஒரே தராசில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார்கள். ஸ்டுடியோக்காரர் மூத்த மாப்பிள்ளை. அவர் மாமனார் வீட்டுக்குள் நுழைந்தால் மாமனார் டிவி சத்தத்தைக் குறைப்பார். இளைய மாப்பிள்ளையான பல் டாக்டர் நுழைந்தால் டிவியையே அணைத்துவிட்டு வாயைத் திறந்து காட்டுவார். டாக்டரும் ஜன்னலோரம் கூட்டிப்போய், செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் பயப்பட வேண்டாம் மாமா" என்பார். வீடே நிம்மதியடையும். ஒரு மனிதனை அவ்வளவு சுலபமாகச் சந்தோஷப்படுத்தக்கூடிய தொழில் தன்னுடையது இல்லையே என்று ஸ்டுடியோக்காரர் அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. டாக்டருக்குப் பல்லைத் தவிர வேறு எதுவும் கைவராது. கிடார் வாங்கினார், அது அலமாரிக்கு மேலே போனது. மீன் தொட்டி வாங்கினார், மீன்கள் போய்த் தொட்டி மட்டும் மிஞ்சியது. போன மழைக்காலத்துக்கு முன்னால் கேமரா வாங்கினார். வாங்கிய கையோடு ஸ்டுடியோவுக்கு ஓடி வந்து, "சகலை, ஒரு நாள் என்னைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போங்க, பக்கத்துல நின்னு கத்துக்கறேன்" என்று கெஞ்சினார். ஸ்டுடியோக்காரர் ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்குச் சொன்னார். கிடார் மாதிரி இதுவும் மேலே ஏறிவிடும் என்று காத்திருந்தார். ஏறவில்லை.

அந்த வார இறுதியில் டாக்டர் வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் டிவியில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள்.

ஸ்டுடியோக்காரர் குறை கண்டுபிடிக்கத் தயாராக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். படம் திரையில் வந்தது. கண்ணாடி மாளிகையின் முன்பக்கம் இல்லை, ஏரியும் இல்லை. யாரும் எடுக்காத பின்பக்கம். மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளிருந்த வெப்பத்தில் கண்ணாடிகளெல்லாம் புகைமூட்டமாக வியர்த்திருந்தன. பெரிய பெரிய இலைகள் உள்பக்கமாகக் கண்ணாடியில் அழுந்தி, வெளியே விடச் சொல்லிக் கையை வைத்துத் தள்ளுவது மாதிரி நின்றன. கீழே கவிழ்த்து அடுக்கிய மண்தொட்டிகள், சுருட்டிப் போட்ட ரப்பர் குழாய். தண்ணீர்க் குழாய் ஒன்றின் மேல் தோட்டக்காரர் யாரோ காயப்போட்ட நீலச் சட்டை மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கெல்லாம் மேலே, சாம்பல் வானத்துக்குள் மாளிகையின் குவிமாடம் மிதந்துகொண்டிருந்தது.

அவருக்கு வயிற்றில் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்துத் திருகின மாதிரி இருந்தது. மோசமான படமாக இருந்திருந்தால் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பூங்காக்காரர்களுக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருப்பார். அது நல்ல படம் என்பது அந்த அறையில் இருந்த எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்தது.

"கோடு சாய்ஞ்சிருக்கு" என்றார்.

"ஆமா சகலை, எனக்கும் தோணுச்சு" என்றார் டாக்டர் உடனே. அவர் இப்படி உடனே ஒத்துக்கொண்டது இவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எங்க நின்னு எடுத்தீங்க?"

"பின்னாடிதான்... அந்தத் தொட்டியெல்லாம் வைப்பாங்களே, அந்தப் பக்கம். மழை வேற."

"எந்த லென்ஸ்?"

"கேமராவோட வந்தது சகலை. அது ஒண்ணுதான் இருக்கு."

டாக்டரின் மனைவி, அதாவது ஸ்டுடியோக்காரரின் மனைவிக்குத் தங்கை, தட்டைப் பார்த்தபடியே, "மாமா, சாப்பாடு ஆறுது" என்றாள். ஸ்டுடியோக்காரரின் மனைவி எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். எல்லோருடைய டம்ளரிலும் தண்ணீர் நிறையவே இருந்தது.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கிற வேலையை மனைவியிடம் விட்டுவிட்டு அவர் பூங்காவுக்குப் போனார். இத்தனை வருடங்களில் மாளிகையின் பின்பக்கம் அவர் போனதே இல்லை. ஒற்றையடிப் பாதை, அழுகின இலைக் குவியல், உரமூட்டைகள். ஸ்டாண்டை விரித்துக் கேமராவைப் பொருத்தி, அந்தப் படம் எடுத்த இடமாகத் தேடி நின்றார். மழை இல்லை. கண்ணாடிகள் வெறும் கண்ணாடிகளாக இருந்தன. இலைகள் செடியில் இருந்தன. தொட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஒருவர், "சார், வழி தப்பிட்டீங்களா? அழகான பக்கம் அந்தப் பக்கம்" என்று ஏரியைக் கைகாட்டினார்.

"தெரியும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

வெயில் ஏறும்வரை நின்று பல படங்கள் எடுத்தார். எல்லாமே ஒரு கட்டடத்தின் கொல்லைப்புறமாகத்தான் வந்தன. அந்த ஆள் எதைப் பார்த்தான், எப்படிப் பார்த்தான் என்று மனசுக்குள் ஒருமையில் திட்டிக்கொண்டே ஸ்டாண்டை மடக்கினார். ஊரார் வாயைப் பார்த்தே பிழைக்கிறவன். கேமராவைக் கையில் எடுத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வருகிற வழியில் கிளினிக் வாசலில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் வாயைப் பாதி திறந்து, "டாக்டர் படம் பூங்காவுல வைக்கறாங்களாமே" என்று சொல்வது காதில் விழுந்தது. பல்வலியிலும் அவருக்கு அது ஞாபகம் இருந்தது.

இரண்டொரு நாளில் பூங்காவிலிருந்து படத்தின் ஃபைல் வந்தது. மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம். ஸ்டுடியோக்காரர் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படத்தைத் திறந்தார்.

ஒரு படத்தை, யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி கொல்வதற்கு வழிகள் இருக்கின்றன. தொழில் தெரிந்தவனுக்கே அவை தெரியும். சாய்ந்த கோடுகளை நேராக்கலாம். நேராக்கினால் ஓரங்களை வெட்ட வேண்டும், வெட்டினால் தொட்டிகள் போய்விடும். கண்ணாடியில் படிந்த ஆவியில் இருந்த பச்சையை எடுத்துவிட்டுச் சுத்தமான வெள்ளையாக்கலாம். இருட்டைக் கொஞ்சம் வெளுக்கச் செய்தால் இலைகள் கண்ணாடியை விட்டுப் பின்னால் போய்விடும். கடைசியாக அந்தச் சட்டை. ஒரு கட்டடத்தின் படத்தில் அழுக்குச் சட்டை எதற்கு என்று யாரும் கேட்கலாம், அது நியாயமான கேள்விதான். ஒவ்வொன்றாகச் செய்தார். மனசு லேசாகிக்கொண்டே வந்தது. படம் அவர் எடுக்கிற படங்களைப் போல ஆகிக்கொண்டிருந்தது என்பது மட்டும் எங்கோ உறுத்தியது.

சட்டையின் மேல் சுட்டியை வைத்தபோது பின்னால் காபி வாசனை வந்தது. மனைவி இரண்டு டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"சட்டையை எடுக்காதீங்க" என்றாள்.

"அசிங்கமா இருக்கு. பெரிசா அடிச்சா இன்னும் அசிங்கமா தெரியும்."

"மத்ததை நீங்க என்ன வேணா பண்ணுங்க. அந்தச் சட்டையை மட்டும் எடுக்காதீங்க."

"உனக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை? அவர் படம், அவர் பாடு."

அவள் டம்ளர்களை ஸ்கேனர் மேல் வைத்தாள். அங்கே வைக்கக் கூடாது என்று அவளேதான் வந்தவர்களுக்கெல்லாம் சொல்வாள்.

"அவர் படம் இல்லைங்க. நான் எடுத்தது."

அவருக்கு முதலில் புரியவில்லை. திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீங்க வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்னைக்கு நாங்க மூணு பேரும் பூங்காவுக்குப் போனோம். மழை பிடிச்சுக்கிச்சு. ஒதுங்க இடம் தேடிப் பின்னாடி ஓடினோம். அவர் டீ வாங்கிட்டு வரேன்னு போனார். கேமரா நனைஞ்சுடும், கொஞ்சம் பிடிங்க அண்ணின்னு எங்கிட்ட குடுத்தார். தங்கச்சி போன்ல பேசிட்டிருந்தா. நான் சும்மா அதுக்குள்ள பார்த்தேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா?"

"அப்புறம் வீட்ல போய்ப் படத்தையெல்லாம் பார்த்திருக்கார். இது எப்ப எடுத்தோம்னு அவருக்கே தெரியலை. எங்கிட்ட கேட்டார். சொன்னேன். போட்டிக்கு அனுப்பலாமான்னார். அனுப்புங்க, ஆனா என் பேரைப் போடாதீங்கன்னேன். நீங்களும் அனுப்பியிருந்தீங்களே."

கடைசி வாக்கியத்தை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் அவரை அறைந்தது. தான் தோற்றுப்போவோம் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. தோற்றால் மனசு நோகும் என்று யோசித்து ஏற்பாடும் செய்திருக்கிறாள்.

"உனக்குக் கேமரா பிடிக்கவே தெரியாதே."

"கேமரா தெரியாது. ஆனா உங்க படத்தை எல்லாம் திருத்தறது யாரு? மனுஷங்களை எடு, குப்பைத்தொட்டியை எடு, குழாயை எடு, கயித்தை எடுன்னு நீங்க சொல்லச் சொல்ல உக்காந்து அழிக்கிறது நான்தானே. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் பெரிசு பண்ணிப் பார்ப்பேன். எனக்கு அதெல்லாம் பிடிச்சிருந்தது. யாரும் அழிக்கச் சொல்லாம ஒரு படம் எடுக்கணும்னு தோணும். அன்னைக்கு கைல இருந்தது, எடுத்தேன்."

வெளியே கடை மணி அடித்தது. அவள் போய்விட்டாள். காபி ஆடை கட்டியது.

சகலை மேல் பொறாமைப்படுவது எவ்வளவு வசதியானது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆள் பக்கத்துத் தெருவில் இருந்தார். கதவைச் சாத்திக்கொள்ளலாம், திட்டலாம், மாமனார் வீட்டு விசேஷத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிடலாம். இது வீட்டுக்குள் வந்துவிட்டது. அதே மேசையில் சாப்பிட்டது, சீப்பைக் கேட்டு வாங்கித் தலை வாரியது, "பால் தீர்ந்துபோச்சு" என்றது. அவள் ஜன்னலோரம் நின்று துணி காயப்போடும்போதுகூட, இப்போது இவள் எதைப் பார்க்கிறாள், நான் பார்க்காத எதைப் பார்க்கிறாள் என்று அவர் கண் அவள் பின்னாலேயே போனது. அவள் தலையைத் திருப்பினால் இவர் பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

ஆனால் படத்தைக் கொல்ல முடியவில்லை. செய்த மாற்றங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். சின்ன அளவில் மாதிரி அடித்துப் பார்த்தார். ஆவி நீலமாக வந்தது. மறுபடி அடித்தார், பச்சை தூக்கலாக இருந்தது. அவளைக் கூப்பிட்டு, "அன்னைக்கு உண்மையில எப்படி இருந்தது?" என்று கேட்டார். அவள் மாதிரியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "பழைய பாட்டில் நிறம் இருக்கும்ல, அது" என்றாள். அது எந்த நிறம் என்று அவருக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்ததில் ஒரு சந்தோஷம் வந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் திரும்பிக்கொண்டார். சுவர் அளவுப் படம் பட்டை பட்டையாகப் பிரிண்டரிலிருந்து இறங்கியபோது, இவ்வளவு நன்றாக இதுவரை எதையும் அடித்ததில்லை என்று அவருக்கே தெரிந்தது.

அச்சு முடிந்து சுருட்டும்போது அவள் கேட்டாள்: "கீழே பேர் போடற பட்டையும் நீங்கதான் அடிக்கணுமாமே. அந்த மேடம்கிட்ட நான் பேசட்டுமா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தும் அவர் படச்சுருளின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"போட்டி அவர் பேர்ல. இப்பப் போய் மாத்தினா அவருக்கும் அசிங்கம், எல்லாருக்கும் அசிங்கம். அப்படியே இருக்கட்டும்."

"சரி" என்றாள்.

அந்தச் சரியில் ஒரு கோபமும் இல்லை. அதனால் அன்று முழுக்க அவருக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

வரவேற்புக் கூடத்தைத் திறந்துவைத்த நாளில் நல்ல கூட்டம். உள்ளே நுழைந்ததுமே எதிர்ச்சுவரில் படம். வருகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நின்றார்கள். ஒரு பெரியவர் கண்ணாடியில் அழுந்தியிருந்த இலையைக் கையால் தொட்டுப் பார்த்தார். போட்டிக்கு வந்த மற்ற படங்களைச் சின்னதாகப் பக்கவாட்டில் மாட்டியிருந்தார்கள். ஸ்டுடியோக்காரரின் விடியற்கால ஏரி, குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே இருந்தது. தண்ணீர் குடிக்க வந்தவர்கள் தலையை நிமிர்த்தும்போது அதைப் பார்த்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

சுவரடியில் டாக்டர் கோட்டு போட்டு நின்றிருந்தார். வந்தவர்கள் கைகொடுத்தார்கள். முதலில் அவர் நெளிந்தார். "ஏதோ வந்துடுச்சு" என்றார். மூன்று நான்கு பேர் பாராட்டிய பிறகு நெளிவது குறைந்தது. பத்திரிகையிலிருந்து வந்திருந்த பெண் ரெக்கார்டரை நீட்டி, "இந்த நிமிஷத்துக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?" என்று கேட்டபோது, டாக்டர் படத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நேரம் பார்க்கலைங்க. மழையில நனைஞ்சுகிட்டே நின்னேன். கட்டடம் நம்மகிட்ட பேசற வரைக்கும் நிக்கணும். பொறுமைதான். பல் வைத்தியத்துலயும் அதேதான்."

"அந்தச் சட்டை?"

"அது... அது நான் வேணும்னேதான் விட்டேன். ஒரு மனுஷத்தனம் வரட்டும்னு."

ஸ்டுடியோக்காரர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தங்கை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, யாரோ முன்பின் தெரியாதவர் பேசுவதைக் கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குள் அணைந்துவிட்டதாக நினைத்திருந்த பழைய நெருப்பு குப்பென்று எழுந்தது. அவள் தன்னை மிஞ்சினாள், அது ஒரு வலி. ஆனால் அது தன் வீட்டில் நடந்தது. தன் கடையில், தன் படங்களை அழித்து அழித்துப் பழகின கண்ணால் நடந்தது. அதைத் தூக்கி இந்த ஆள் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வதா?

"அந்த நேரம் இவர் டீக்கடையில இருந்தார்" என்றார் சத்தமாக.

பத்திரிகைப் பெண் திரும்பினாள். கண்காணிப்பாளரும் திரும்பினார்.

"படத்தை எடுத்தது என் வீட்டுக்காரி. இதோ நிக்கறாங்களே, இவங்க. இவர் கேமராவைக் குடுத்துட்டு டீ வாங்கப் போயிருந்தார். வேணும்னா அவரையே கேளுங்க."

டாக்டரின் முகம் ஈறு நிறத்துக்குப் போனது. ஆனால் அவர் மறுக்கவில்லை. "ஆமாங்க" என்றார். "அண்ணிதான் எடுத்தாங்க. பேர் வேண்டாம்னு சொன்னாங்க. ஃபாரத்துல ஒரு பேர் போடணும்னு என் பேரைப் போட்டேன். ஜெயிக்கும்னு நினைக்கலை. ஜெயிச்சப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை." சொல்லிவிட்டுக் கோட்டின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டு மூச்சு விட்டார். "அந்த மனுஷத்தனம்னு சொன்னது மட்டும் நான் இப்ப யோசிச்சது. அதை அழிச்சிடுங்கம்மா."

பத்திரிகைப் பெண் சிரித்துவிட்டாள். கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. ஸ்டுடியோக்காரரின் மனைவியை மேலும் கீழுமாகப் பார்த்து, "நீங்களா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். "அப்ப வாங்க, இங்க நில்லுங்க" என்று கையைப் பிடித்துச் சுவரடிக்கு இழுத்துப் போனார். அவள் போகிற போக்கில் கணவரைப் பார்த்த பார்வையில் நன்றி எதுவும் இருந்த மாதிரி அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்து திரும்பும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நல்லதுக்குத்தானே சொன்னேன்."

"எனக்காகச் சொன்னீங்களா, அவர் மேல இருக்கிற எரிச்சல்ல சொன்னீங்களா?"

பொய் சொல்ல அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. தெருவிளக்குக் கம்பத்தைத் தாண்டுகிற வரை அதற்கு நேரமும் இருந்தது.

"எரிச்சல்லதான்" என்றார்.

"அதான் பார்த்தேன்" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "தங்கச்சிகிட்ட நாளைக்கு நான் பேசிக்கறேன். நீங்க அவர்கிட்ட பேசுங்க. பாவம், வேர்த்துக் கொட்டிடுச்சு" என்றாள்.

மறுநாள் அவர் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் அவரைப் பார்த்ததும், கையுறையைக் கழற்றாமலேயே எழுந்து நின்றார். ஸ்டுடியோக்காரர் மேசையில் இருந்த பல் பொம்மையைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் டாக்டர்தான், "உக்காருங்க சகலை, வந்ததுதான் வந்தீங்க, பல்லைப் பார்த்துடலாம்" என்று நாற்காலியைச் சாய்த்தார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிற மனிதன் எதையும் விளக்க வேண்டியதில்லை. அது இருவருக்குமே வசதியாக இருந்தது. "கடைவாய்ல ஒண்ணு தேஞ்சிருக்கு. ராத்திரில பல்லைக் கடிக்கிறீங்க போல" என்றார் டாக்டர். ஸ்டுடியோக்காரர் வாயை இன்னும் அகலமாகத் திறந்தார்.

படத்தின் கீழே பட்டை மாறியது. ஒரு வாரம் கழித்துக் கண்காணிப்பாளர் போன் செய்து, மணிக்கூண்டு, பாண்டு மேடை, கல்பாலம் எல்லாவற்றையும் இதே மாதிரி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். போனை எடுத்தவர் ஸ்டுடியோக்காரர். "இருங்க மேடம், அவங்ககிட்ட குடுக்கறேன்" என்று சொல்வதற்கு அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அன்று சாயங்காலம் பழைய கேமராக்கள் இருந்த அலமாரியைத் திறந்து, அதில் இருந்ததிலேயே நல்லதை எடுத்துத் துடைத்து, பேட்டரி போட்டு முன்மேசையில் வைத்தார். அவள் அதை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்தே பூங்காவுக்குப் போனார்கள். வாசல் தாண்டியதும் அவர் வலப்பக்கம் திரும்பினார், அவள் இடப்பக்கம். அவர் ஏரிக்கரையில் ஸ்டாண்டை விரித்துக் கல்பாலத்துக்காகக் காத்திருந்தார். படகுகள் போக வேண்டும், ஜனங்கள் நகர வேண்டும், தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். நடுவில் ஒருதரம் கரையோரமாகப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாலத்துக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தாள். அங்கே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க அவர் காலெல்லாம் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தன் இடத்திலேயே நின்றார்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்தார்கள்.

"முதல்ல நீங்க காட்டுங்க" என்றாள்.

"நீ காட்டு."

அவள் ஒயரைச் செருகினாள். திரையில் பாலத்தின் அடிவயிறு வந்தது. கல்வளைவின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீரின் வெளிச்சம் வலைபோட்டிருந்தது. கற்களுக்கு நடுவே வேர் ஒன்று இறங்கியிருந்தது. வளைவுக்கு அப்பால் தூரத்தில், கரையில், ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்து நிற்கிற ஒரு சின்ன மனிதன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். தண்ணீரின் வெளிச்சத்தைப் பார்த்தார், வேரைப் பார்த்தார். குனிந்து நின்றவனைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

"சும்மா சொல்றீங்களா?"

"சும்மா சொன்னா வயிறு இப்படி எரியுமா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த படத்தைத் தட்டினாள்.